பத்து மணி என்றால் எத்தனை மணி?

ஸ்வீடன் நாட்டின் பிரியோ என்னும் பொம்மைக் கம்பெனி 1946-இல் ஒரு விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. மரத்தாலான சிறிய பெட்டி அது. அதன் மேல்தளத்தில் வளைந்து நெளிந்து செல்லும் பாதை ஒன்று வரையப்பட்டிருக்கும். பாதையை ஒட்டி ஆங்காங்கே துளைகள் இருக்கும். பெட்டியின் பக்கங்களில் இரண்டு குமிழ்கள். ஒன்றைத் திருகினால் தளம் முன்னும் பின்னும் சாயும்; மற்றதைத் திருகினால் இடமும் வலமும் சாயும். ஓர் எஃகுக் குண்டைத் துளைகளில் விழாமல் பாதையின் கடைசி வரை உருட்டிச் செல்ல வேண்டும். பார்ப்பதற்கு எளிதாகத்தான் தோன்றும். கையில் எடுத்து விளையாடியவர்களுக்கே அதன் பொல்லாத்தனம் புரியும்.

ஏன் அவ்வளவு கடினம் என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம். சாய்தளத்தில் நழுவாமல் உருளும் திண்மக் கோளத்தின் முடுக்கம் எவ்வளவு? ஈர்ப்பு முடுக்கத்தைச் சாய்கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கி, அதில் ஏழில் ஐந்து பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். தளம் 2 பாகை மட்டுமே சாய்ந்தாலும் முடுக்கம் வினாடிக்கு வினாடி சுமார் 24 சென்டிமீட்டர் ஆகிவிடும். அரை வினாடியில் குண்டு 3 செ.மீ. நகரும், ஒரு வினாடியில் 12 செ.மீ. நகர்ந்துவிடும். அரை வினாடி அயர்ந்தால் குண்டு துளையின் விளிம்பில் இருக்கும். முழு வினாடி அயர்ந்தால் துளைக்குள் இருக்கும்.

இந்தப் பெட்டியைக் கொண்டு 1998-இல் ஒரு புதுமையான பாடம் தொடங்கப்பட்டது. ஸ்வீடனில் உள்ள உப்சாலா பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கிராண்ட் வேலி அரசுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதை நடத்தின. பாடத் திட்டத்தின் பெயர் ரூன்ஸ்டோன். பழங்கால ஸ்காண்டிநேவியர்கள் எழுத்துப் பொறித்து நட்ட கற்களுக்கு அந்தப் பெயர் உண்டு. உப்சாலாவைச் சுற்றிலும் அவற்றை இன்றும் காணலாம். பாடத்தில் மாணவர்களுக்கு இடப்பட்ட வேலை இதுதான்: குமிழ்களைத் திருகும் மனிதக் கைக்குப் பதிலாக மோட்டார்கள், குண்டைப் பார்க்கும் கண்ணுக்குப் பதிலாக ஒரு காமிரா, இரண்டையும் இணைக்க ஒரு மென்பொருள். அந்த மென்பொருளை எழுத வேண்டும். எழுதும் குழுவில் பாதிப் பேர் உப்சாலா மாணவர்கள். மறுபாதியினர் மிச்சிகன் மாணவர்கள். இடையில் அட்லாண்டிக் பெருங்கடல். மின்னஞ்சலிலும் இணைய உரையாடலிலும் பேசிக்கொண்டே வேலையை முடிக்க வேண்டும்.

இன்று இத்தகைய கூட்டுப் பாடங்கள் எத்தனையோ உள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் இரண்டு மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே முதுகலைப் படிப்பை நடத்துகின்றன. இந்தியாவிலிருந்தும் பலர் உதவித்தொகை பெற்று அதில் சேருகிறார்கள். நமது சிற்றூர்க் கல்லூரிகளில் தமிழ்வழி படித்து அங்கே சென்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் என்னுடைய பழைய மாணவர். அவர் முதலாண்டைப் பிரான்சிலும் இரண்டாம் ஆண்டை ஸ்வீடனிலும் படித்தார். இந்தக் கட்டுரைக்குப் பாதிக் காரணம் அவர் எழுதிய கடிதங்களே.

வேற்று நாட்டாருடன் சேர்ந்து படிப்பது என்றவுடன் உணவு, உடை, பண்டிகை ஆகியவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை கண்ணுக்குத் தெரியும் வேற்றுமைகள். ஆகவே யாரும் அவற்றில் ஏமாறுவதில்லை. தொல்லை தருபவை கண்ணுக்குத் தெரியாதவை. ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்கிறோம்? இரு முகங்களையும் பொருத்திச் சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிறோம். இரண்டு மாணவர்கள் இரண்டு அளவிகளால் ஒரே கம்பியின் தடிமனை அளக்கிறார்கள், ஒருவருக்கு 0.42 மி.மீ., மற்றவருக்கு 0.47 மி.மீ. கிடைக்கிறது. இருவரும் கவனமாகத்தான் அளந்தார்கள். ஒருவர் சுழிப்பிழையைக் கழிக்கவில்லை, அவ்வளவே. அதை அறியாதவரை ஒவ்வொருவரும் அடுத்தவர் கவனக் குறைவானவர் என்றே நினைப்பார். வகுப்பறைப் பழக்கங்களுக்கும் இப்படி ஒரு சுழி உண்டு. பிறந்ததிலிருந்து அதனுடனேயே வாழ்வதால் நமக்கு அது தெரிவதில்லை.

பத்தேகால்

எளிய எடுத்துக்காட்டுடன் தொடங்குவோம். உப்சாலாவில் வகுப்பு 10 மணிக்கு என்று அட்டவணையில் அச்சிட்டிருந்தால் ஆசிரியர் 10.15-க்குத்தான் பேசத் தொடங்குவார். இதற்குக் 'கல்விக் கால்மணி' என்றே பெயர். மணிக்கூண்டின் ஓசையே கடிகாரமாக இருந்த காலத்தில், மணி அடித்த பிறகு மாணவர்கள் நடந்து வந்து சேரக் கால்மணி நேரம் கொடுத்தார்கள் என்பர். ஜெர்மனியிலும் இந்த வழக்கம் உண்டு. அங்கே அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 'காலத்துடன்' என்றோ 'காலமின்றி' என்றோ பொருள்படும் லத்தீன் சொற்களின் முதலெழுத்துகளைப் போட்டுவிடுவார்கள். 'காலத்துடன்' என்றால் பத்தேகால்; 'காலமின்றி' என்றால் சரியாகப் பத்து. ஸ்வீடன் நாட்டவர் தாமதக்காரர்கள் என்று இதிலிருந்து யாராவது முடிவு கட்டினால் அது பெருந்தவறு. பத்தேகால் என்றால் அங்கே பத்தேகால்தான், 10.17 ஆகாது. என் மாணவர் முதல் நாள் 9.45-க்கே போய் வெற்று அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். அறை மாறிவிட்டதோ என்று பயந்து மாடிமாடியாக ஏறி இறங்கி, திரும்பி வரும்போது வகுப்பு தொடங்கியிருந்தது!

கடல் கடந்த பாடங்களில் கடிகாரமே வேறு. உப்சாலாவுக்கும் மிச்சிகனுக்கும் பொதுவாக 6 மணி நேர வேறுபாடு. ஆனால் ஆண்டு முழுவதும் அப்படி இல்லை. இரு நாடுகளிலும் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். தள்ளும் நாள் மட்டும் வேறு வேறு. 2006 வரை ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றும், அமெரிக்கா ஏப்ரல் முதல் ஞாயிறன்றும் தள்ளின. இடைப்பட்ட நாட்களில் வேறுபாடு 7 மணி நேரம். 2007 முதல் அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு மாறியதால், இப்போது மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு வேறுபாடு 5 மணி நேரமாகக் குறைகிறது. ஜனவரியில் குறித்து வைத்த வாராந்தரக் கூட்டம் மார்ச்சில் ஒரு மணி நேரம் பிசகுகிறது. 'அவர்கள் வரவில்லை' என்று இரு தரப்பும் எழுதி வைத்துக்கொள்கின்றன. கடிகாரத்தை ஒருபோதும் தள்ளாத நம் நாட்டவர்க்கு இது இன்னும் குழப்பம். ஜெர்மனி நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும், கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கும்.

இருபத்தொரு மணி நேரம்

இரு தரப்பாரும் காலை 9 முதல் மாலை 5 வரை வேலை செய்வதாகக் கொள்வோம். மிச்சிகனில் காலை 9 என்பது உப்சாலாவில் பிற்பகல் 3. ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் மேசையில் இருப்பது இரண்டே மணி நேரம். மிச்சிகன் மாணவர் நண்பகல் 12 மணிக்கு ஒரு கேள்வியை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்சாலாவில் அப்போது மாலை 6, அலுவல் முடிந்துவிட்டது. மறுநாள் காலை 9 மணிக்கு அங்கே பதில் எழுதப்படும். அப்போது மிச்சிகனில் இரவு 3 மணி. கேட்டவர் அதைக் காலை 9 மணிக்குத்தான் பார்ப்பார். ஒரு கேள்வி போய்ப் பதில் வர 21 மணி நேரம்.

இங்கேதான் இயற்பியல் உதவிக்கு வருகிறது. குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து சூட்டைச் சரிசெய்யும்போது என்ன நடக்கிறது? நீர் சில்லென்று இருக்கிறது. வெந்நீரை இன்னும் கொஞ்சம் திறக்கிறோம். குழாய் நீளமாக இருந்தால் வெந்நீர் வந்து சேரச் சிறிது நேரமாகும். பொறுமையின்றி இன்னும் திறக்கிறோம். திடீரென்று கொதிநீர் வந்து தோலைச் சுடுகிறது. அலறியடித்து மூடுகிறோம், மீண்டும் சில்லென்று ஆகிறது. குழாயில் கோளாறு இல்லை, நம் கையிலும் கோளாறு இல்லை. பின்னூட்டம் தாமதமாக வருவதுதான் கோளாறு. தாமதமான பின்னூட்டம் உள்ள எந்த அமைப்பும், திருத்தத்தைப் பெரிதாகச் செய்தால், இப்புறமும் அப்புறமும் ஊசலாடத் தொடங்கும். பிரியோ பெட்டியின் குண்டும் அப்படியே. காமிரா பார்த்துக் கணிப்பொறி கணக்கிட்டு மோட்டார் திரும்புவதற்குள் குண்டு வேறிடத்துக்குப் போயிருந்தால், திருத்தம் தவறான இடத்துக்கான திருத்தமாகிவிடும்.

நேருக்கு நேர் இருக்கும் வகுப்பில் ஒரு சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் எதிரில் இருப்பவரின் புருவம் உயரும். அரை வினாடியில் நாம் பேச்சை மாற்றிவிடுகிறோம். கடல் கடந்த குழுவில் அந்தப் புருவம் தெரிவதில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால், அந்த மௌனத்துக்கு நம் ஊர் அகராதியில் உள்ள பொருளையே கொடுக்கிறோம். நமக்கு மௌனம் சம்மதம். வேறொருவருக்கு மௌனம் அலட்சியம். இன்னொருவருக்கு 'யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று பொருள். 21 மணி நேரத்தில் ஒரு சிறு ஐயம் முழுக் கோபமாக வளர்வதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. கோபத்தில் எழுதும் கடிதம், வெந்நீர்க் குழாயை ஒரே திருப்பாகத் திருப்பியது போல ஆகிறது.

நம்முடைய 'சரி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒன்றைச் சொல்லும்போது "சரிங்க சார்" என்கிறோம். காதில் விழுந்தது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். புரிந்தது என்றோ, ஒப்புக்கொண்டேன் என்றோ, செய்து முடிப்பேன் என்றோ பொருள் அல்ல, மரியாதைக்காகவும் சொல்வோம். என் மாணவர் காணொளிக் கூட்டமொன்றில் ஒரு வேலையை வியாழக்கிழமைக்குள் முடிக்க முடியுமா என்ற கேள்விக்குத் தலையை அசைத்து "ஓகே, ஓகே" என்றிருக்கிறார். அந்த வேலைக்கு வேண்டிய கருவியைத் தொடவே அவருக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அதைப் பெரியவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று தயக்கம். வியாழக்கிழமை மாலை நால்வருடைய வேலை இவரால் நின்றது. 'முடியாது என்று திங்களன்றே சொல்லியிருந்தால் ஒருவரும் வருந்தியிருக்க மாட்டார்கள் சார், சொல்லாததுதான் அவர்களுக்கு அவமதிப்பாகப் பட்டிருக்கிறது' என்று எழுதியிருந்தார். மரியாதை என்று நினைத்துச் செய்தது அவமரியாதையாகப் போய்ச் சேர்ந்தது!

ஆசிரியரை எப்படி அழைப்பது என்பதும் இதைப் போன்றதே. ஸ்வீடனில் 1967-இல் ப்ரூர் ரெக்சட் என்பவர் அரசு மருத்துவத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றபோது, எல்லோரையும் தாம் 'நீ' என்றே அழைக்கப்போவதாகவும், தம்மையும் பெயர் சொல்லி அழைக்கலாம் என்றும் அறிவித்தார். அந்தக் காலத்தில் நாடெங்கும் பரவிய அந்த மாற்றத்துக்குப் பிறகு அங்கே பேராசிரியரையும் மாணவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். பக்கத்து நாடான ஜெர்மனியில் அப்படிச் செய்தால் பலர் முகம் சுளிப்பார்கள். நம் மாணவர்க்கோ பெயர் சொல்ல நா எழாது. விளைவு என்ன? அழைக்கச் சொல் இல்லாததால் அழைப்பதே இல்லை, கேள்வியும் கேட்பதில்லை. என் மாணவர் இரண்டு மாத காலம் தம் ஆசிரியரிடம் 'எக்ஸ்கியூஸ் மீ' என்று மட்டுமே பேச்சைத் தொடங்கியிருக்கிறார்.

14-க்கு என்ன மதிப்பு?

இதுவரை சொன்னவை மனத்தாங்கலோடு போய்விடும். மதிப்பெண் விஷயம் அப்படி அல்ல. அது ஒருவருடைய பிழைப்பையே தொடுகிறது.

பிரான்சில் 20-க்கு மதிப்பெண் போடுவார்கள். 10 வாங்கினால் தேர்ச்சி, 12 'ஓரளவு நன்று', 14 'நன்று', 16 'மிக நன்று'. 20 என்பது அபூர்வம். இத்தாலியில் பாடத் தேர்வுக்கு 30, தேர்ச்சிக்கு 18. இங்கிலாந்தில் 100-க்கு 70 வாங்கினால் முதல் வகுப்பு. 90 யாருக்கும் எளிதில் கிடைப்பதில்லை. ஜெர்மனியில் 1.0 தான் மிக உயர்ந்தது, 4.0 வரை தேர்ச்சி; 5.0 தோல்வி. ரஷ்யாவில் அதற்கு நேர்மாறாக 5 உயர்ந்தது, 2 தோல்வி. ஒரு ரஷ்ய மாணவரும் ஒரு ஜெர்மானிய மாணவரும் 'எனக்கு ஐந்து' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

இவற்றை எப்படி ஒன்றாக்குவது? ஜெர்மனியில் பரவலாக வழங்கும் முறை 'திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம்'. அது மிக எளிது:

ஜெர்மன் மதிப்பெண் = 1 + 3 × (உச்ச மதிப்பெண் − பெற்ற மதிப்பெண்) ÷ (உச்ச மதிப்பெண் − தேர்ச்சி மதிப்பெண்)

நீங்களே போட்டுப் பாருங்கள். இத்தாலியில் 30-க்கு 27 வாங்கியவர்க்கு 1.75 வரும். 50 தேர்ச்சியாக உள்ள நம் முதுகலைத் தேர்வில் 100-க்கு 75 வாங்கியவர்க்கு 2.5 வரும். பிரான்சில் 20-க்கு 14 வாங்கியவர்க்கு 2.8 வரும். அதாவது பிரெஞ்சு ஆசிரியர் 'நன்று' என்று பாராட்டிய மாணவர், நம் ஊரில் 75 வாங்கியவரை விடத் தாழ்ந்தவராகிறார். சூத்திரத்தில் கணக்குப் பிழை இல்லை. அளவுகோலின் கோடுகள் எங்கும் சம இடைவெளியில் இருப்பதாக அது கருதிக்கொள்கிறது, பிழை அங்கேதான். பிரெஞ்சு அளவுகோலில் 16-க்கு மேற்பட்ட பகுதியில் ஆட்களே அநேகமாக இல்லை. புரியிடைத் தூரம் ஒரே சீராக இல்லாத திருகு அளவியை வைத்துக்கொண்டு, வட்டக் கோலின் பிரிவுகளை மட்டும் எண்ணிப் பெருக்குவதைப் போன்றது இது.

ஐரோப்பியர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மாணவர்களை நாடு மாற்றிப் படிக்கச் செய்யும் எராஸ்மஸ் திட்டம் 1987-இல் தொடங்கியது. 1989-இல் அதனுள்ளே கிரெடிட் மாற்று முறை ஒன்றைச் சோதித்தார்கள். ஓராண்டின் முழுப் படிப்பு 60 கிரெடிட். மதிப்பெண்ணுக்கு ஒரு பொது அளவு வகுத்தார்கள்: தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 10 சதவீதத்தினர் ஏ, அடுத்த 25 பி, அடுத்த 30 சி, அடுத்த 25 டி, கடைசி 10 ஈ. சிறு வகுப்புகளில் இது சரிப்படவில்லை. ஐந்து பேர் படிக்கும் வகுப்பில் முதல் பத்துச் சதவீதம் என்பது அரை ஆள்! பிறகு 2009-இல் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு துறையும் தன் மாணவர்கள் எத்தனை சதவீதம் பேர் எந்த மதிப்பெண் பெற்றார்கள் என்ற அட்டவணையைச் சான்றிதழுடன் சேர்த்துத் தர வேண்டும் என்றார்கள். அட்டவணையைப் பார்த்தால் 14 என்பது எவ்வளவு உயரம் என்று யாருக்கும் விளங்கிவிடும். எல்லோரையும் ஒரே அளவியைப் பயன்படுத்தச் சொல்லாமல், அவரவர் அளவியின் குணத்தைக் கூடவே எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழியே.

என் மாணவர்க்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அவருடைய பிரெஞ்சு மதிப்பெண் 14. வகுப்பில் 24 பேரில் மூன்றாமவர். படிப்பு முடித்து நாடு திரும்பி, ஓர் ஆய்வு இடத்துக்கு விண்ணப்பித்தார். அங்கே குறைந்தபட்சத் தகுதி 75 சதவீதம். அலுவலகத்தில் ஒருவர் 14-ஐ 20-ஆல் வகுத்து நூறால் பெருக்கி 70 என்று எழுதினார். விண்ணப்பம் தள்ளுபடி. அட்டவணை அவருடைய சான்றிதழ்க் கட்டிலேயே நான்காம் பக்கத்தில் இருந்தது, யாரும் புரட்டவில்லை. பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, விளக்கக் கடிதம் வாங்கி, அது ஏற்கப்படுவதற்குள் நான்கு மாதம் போயிற்று. அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. ஓர் ஆண்டு வீட்டில் இருந்தார். பக்கத்து ஊர்ப் பையன்களுக்கு டியூஷன் எடுத்தார். கூட்டல் பெருக்கல் தெரிந்திருப்பது வேறு, அளவுகோல் தெரிந்திருப்பது வேறு என்பதை அந்த அலுவலகத்தில் யாருக்குச் சொல்வது?

மதிப்பெண்ணை யார் போடுகிறார்கள் என்பதிலும் வழக்கங்கள் மாறும். நம் நாட்டிலேயே இதற்குப் பழைய அனுபவம் உண்டு. 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தை உருவாக்க உதவின. வெளியாள் ஒருவர் வினாத்தாள் எழுத, முன்பின் தெரியாத இன்னொருவர் விடைத்தாள் திருத்துவதுதான் நம் பல்கலைக்கழக மரபு. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியரே வினாத்தாள் எழுதி, அவரே திருத்தி, எழுத்து மதிப்பீடும் தருவது வழக்கமாயிற்று. நம் மரபில் நியாயம் என்பது முகம் தெரியாமையில் இருக்கிறது. அந்த மரபில் நியாயம் என்பது மாணவரை நேரில் அறிந்திருப்பதில் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் ஒன்றில் வளர்ந்தவருக்கு மற்றது ஊழலாகவோ மூடத்தனமாகவோ தோன்றக்கூடும்.

ரூன்ஸ்டோன் போன்ற கூட்டுப் பாடங்களில் வேலைச் சுமையின் கணக்கும் பொருந்துவதில்லை. ஸ்வீடன் மாணவர் ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு பாடங்களை மட்டும் படித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். அமெரிக்க மாணவர் ஒரே பருவத்தில் நான்கைந்து பாடங்களை இணையாகப் படிப்பார். ஆகவே ஒருவருடைய வாரத்தில் பாதியும், மற்றவருடைய வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கும் இந்தப் பாடத்துக்கு உரியவை. ஒருவர் சோம்பேறி போலவும், மற்றவர் வெறிபிடித்தவர் போலவும் தோன்றுவார்கள். உண்மையில் இருவரும் சமமாகவே உழைக்கிறார்கள்.

980

நம் ஆய்வகப் பழக்கம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனி ஊசலைக் கொண்டு ஈர்ப்பு முடுக்கம் காணும் சோதனை. விடை 980-க்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று மாணவர்க்கு முன்பே தெரியும். 940 வந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழாது என்ற பயம். ஆகவே விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அலைவு நேரத்தைத் திருத்தி எழுதிவிடுவார்கள். நானும் மாணவனாக இருந்தபோது அப்படிச் செய்தவன்தான். இது ஏமாற்று என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. 'சரியான விடையை எழுதுவது' என்று நினைத்தோம்.

ஐரோப்பிய ஆய்வகத்தில் கேட்கும் கேள்வி வேறு. உன் அளவீட்டின் ஐயப்பாடு எவ்வளவு? 960, கூட்டல் கழித்தல் 30 என்று ஒருவர் எழுதி, அந்த 30 எப்படி வந்தது என்றும் விளக்கினால் அவர்க்கு முழு மதிப்பெண். 980 என்று மட்டும் எழுதியவர்க்குக் கேள்விக்குறி. என் மாணவரின் முதல் அறிக்கையின் ஓரத்தில், 'இந்த அளவீடுகள் இவ்வளவு அழகாக இருப்பது எப்படி?' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்களாம். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு எனக்கு மகிழ்ச்சியுடன் எழுதினார். மூன்று நாள் கழித்து அடுத்த கடிதம் வந்தது. அது பாராட்டு அல்ல, குற்றச்சாட்டு. அவரைக் கூப்பிட்டு விசாரித்த ஆசிரியை பொறுமைசாலி. எங்கள் ஊரில் ரெக்கார்டு எப்படி எழுதுவோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சோதனையை மறுபடி செய்யச் சொன்னார். அவசரக்காரராக இருந்திருந்தால் படிப்பே அங்கு முடிந்திருக்கும். இதைப் படித்த பிறகுதான் நான் எங்கள் ஆய்வகத்தில் 980-க்குக் கையெழுத்துப் போடுவதை நிறுத்தினேன். ஆகவே இந்த வேற்றுமையில் இரு பக்கமும் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். இதில் அவர்கள் செய்வதே சரி.

சராசரியும் ஒற்றை மூலக்கூறும்

நாட்டு வழக்கங்களை எண்களாலேயே அளந்துவிடலாம் என்று முயன்றவர்களும் உண்டு. அவர்களுள் பெயர் பெற்றவர் டச்சு அறிஞர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட். 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் ஐபிஎம் ஊழியர்களிடம் நிரப்பப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை ஆராய்ந்து 1980-இல் நூலாக வெளியிட்டார். மேலதிகாரிக்கும் கீழே உள்ளவருக்கும் இடையே இருக்கும் தூரத்தை அவர் 'அதிகாரத் தொலைவு' என்றார். அந்த அளவில் இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40, ஸ்வீடனுக்கு 31. பாடத்தைத் திட்டமிடும் ஆசிரியருக்கு இது பயன்படும். இந்திய மாணவர்கள் தாமாகக் கேள்வி கேட்கத் தயங்கலாம் என்று அவர் எதிர்பார்த்துக்கொள்வார்.

ஆனால் ஒரு குறிப்பிட்ட மாணவரிடம் இந்த எண்ணை நீட்டினால் வினையாகும். அறைக் காற்றில் உள்ள மூலக்கூறுகளின் சராசரி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 470 மீட்டர். ஆனால் உங்கள் மூக்கருகே இந்தக் கணத்தில் பறக்கும் ஒரு மூலக்கூறின் வேகம் என்ன? 100 ஆகவும் இருக்கலாம், 900 ஆகவும் இருக்கலாம். சராசரி உண்மைதான், அந்த ஒரு மூலக்கூறைப் பற்றி அது ஏதும் சொல்வதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் கேள்வி கேட்கும் இந்தியப் பெண்ணும் உண்டு. ஒரு சொல்லும் பேசாத ஸ்வீடன் இளைஞரும் உண்டு. 'நீங்கள் இந்தியர், ஆகவே இப்படித்தான்' என்று தொடங்கும் வாக்கியத்தை என் மாணவர் பலமுறை கேட்டிருக்கிறார். பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதுதான். இருந்தாலும் கசந்தது என்கிறார்.

அப்படியானால் நன்றாக நடக்கும் கூட்டுப் பாடங்களில் என்ன செய்கிறார்கள்? தனி மந்திரம் ஏதுமில்லை. குண்டை உருட்டும் கணிப்பொறி செய்வதையே செய்கிறார்கள். தாமதத்தைக் குறைக்கிறார்கள், திருத்தங்களைச் சிறிதாகச் செய்கிறார்கள். பருவ முடிவில் ஒரு பெரிய அறிக்கை என்று விடாமல், முதல் வாரத்திலேயே இரு கரை மாணவர்களும் சேர்ந்து ஒரு சின்னஞ்சிறு வேலையை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அந்த வேலையில் மதிப்பெண் அதிகம் இல்லை. யாருடைய 'சரி' எந்தச் 'சரி' என்பது அதில் வெளிப்பட்டுவிடும். இருவருக்கும் பொதுவாக உள்ள அந்த இரண்டு மணி நேரத்தை விரிவுரைக்குச் செலவிடாமல் பேச்சுக்கு ஒதுக்குகிறார்கள். விரிவுரையை யாரும் எப்போதும் பதிவில் பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் யார், எதை, எந்த நாட்டு நேரப்படி எப்போதைக்குள் செய்வது என்று எழுதி அனுப்புகிறார்கள். 'புரிந்ததா?' என்று கேட்பதில்லை. அதற்கு உலகமெங்கும் 'ஆம்' என்பதே விடை. 'நீங்கள் செய்யப்போவதை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்' என்கிறார்கள்.

மதிப்பீட்டில் மட்டும் சமரசம் எளிதல்ல. குழு ஒன்று, செய்த பொருள் ஒன்று. ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மாணவருக்குத் தன் முறையில்தான் மதிப்பெண் போட முடியும். ஒரு கரையில் வெறும் தேர்ச்சி, தோல்வி மட்டும்; மறு கரையில் ஏ வாங்கினால்தான் உதவித்தொகை. இவர்கள் ஒரே குழுவில் இருந்தால் ஒருவர் 'போதும்' என்னும்போது மற்றவர் 'இன்னும்' என்பார். இதற்கு முழுமையான தீர்வை நான் எங்கும் காணவில்லை. முதல் நாளே இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், பிணக்கு குறைகிறது என்று மட்டும் சொல்லலாம்.

என் மாணவர் இப்போது மறுபடி ஸ்வீடனில் இருக்கிறார். ஆராய்ச்சி மாணவராக இருந்துகொண்டே முதலாண்டு மாணவர்களின் ஆய்வக வகுப்பையும் கவனித்துக்கொள்கிறார். புதிதாக வருபவர்களுக்குக் கொடுப்பதற்காக அவரும் வியட்நாம், பிரேசில் நாட்டு நண்பர்கள் இருவரும் சேர்ந்து ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தயாரித்திருக்கிறார்கள். அதன் படி ஒன்றை எனக்கும் அனுப்பியிருந்தார். முதல் வரி: 'பத்து மணி என்றால் பத்தேகால்.' இரண்டாம் வரி: 'ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், முதல் முறை மட்டும்தான் கூச்சமாக இருக்கும்.' கடைசி வரியில் மதிப்பெண் அட்டவணையின் மூன்று நகல்களை முத்திரையுடன் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும்படி எழுதி, அதன் கீழே தடிமனாக ஒரு கோடும் போட்டிருந்தார்.